கேள்வி யாருடையது?



2005ஆம் ஆண்டின் நடுப்பகுதி. ஆழிப்பேரலை எங்கள் கரையோரங்களை அழித்து ஆறேழு மாதங்கள் கழிந்திருந்தன. குருமடத்திலிருந்து விடுமுறையில் வந்திருந்த என் கையில் ஒரு கட்டுப் படிவங்களைத் தந்து, தற்காலிகக் கொட்டில்களில் தங்கியிருந்த குடும்பங்களிடம் போய் அவற்றை நிரப்பிவரும்படி பணித்தார்கள். ஒரு பல்கலைக்கழக ஆய்வுக்கான வினாக்கொத்து அது. வீட்டில் எத்தனை பேர் இருந்தார்கள், எத்தனை பேர் இப்போது இருக்கிறார்கள், இரவில் உறக்கம் வருகிறதா, வள்ளம் இருந்ததா, அதன் பெறுமதி என்ன என்று கேள்விகள் நீண்டு சென்றன. மூன்றாவது கொட்டிலில் இருந்த தாய் என்னை அமரச் செய்து, தேநீரும் தந்துவிட்டுச் சொன்னார்: “பிறதர், இது எத்தினையாவது பேப்பர் எண்டு தெரியுமே? ஏழாவது. ஏழு பேருக்கும் என்ரை பிள்ளையளின்ரை கதையைச் சொல்லிப்போட்டன். எல்லாரும் எழுதிக்கொண்டு போகினம். பிறகு ஒருத்தரும் வாறேல்லை. நாங்கள் சொன்னதிலை இருந்து என்னத்தைக் கண்டுபிடிச்சவை எண்டாவது ஒருக்கால் வந்து சொல்லலாந்தானே?”

அதன்பின் அவர் எல்லாக் கேள்விகளுக்கும் பதில் சொன்னார். நானும் எல்லாவற்றையும் எழுதிக்கொண்டு போனேன்.

அந்தத் தாயின் கேள்வி இருபது ஆண்டுகளாக என்னோடு இருந்துவருகிறது. அண்மைக்காலத்தில் மேல்நாட்டுப் பல்கலைக்கழகங்கள் சில நடத்திவரும் ஒரு முயற்சியைப் பற்றி வாசித்தபோது அது மீண்டும் எழுந்தது. அந்த முயற்சியைக் குறித்தும், அதற்குள் மறைந்திருக்கும் ஒழுக்கவியல் பிரச்சினையைக் குறித்தும் இவ்வாரம் உங்களோடு சிந்திக்க விரும்புகிறேன்.

வறுமை, நோய், குடிநீர், விளக்கு, கல்வி போன்ற துறைகளில் மக்கள் படும் அல்லலைத் தீர்ப்பதற்கென்றே ஒரு தொழிலை அல்லது அமைப்பை உண்டாக்கி, இலாபத்தை இரண்டாம் இடத்தில் வைத்து நடத்துவோரைச் சமூக முயற்சியாளர் என்று இன்று அழைக்கின்றனர். 1980இல் அமெரிக்கரான பில் டிரேட்டன் தொடங்கிய அசோகா என்னும் நிறுவனம் இப்பெயரைப் பரப்பியது. எங்கள் நாட்டில் இப்பெயர் வழங்குவதற்கு முன்பே அந்தப் பணி நடந்தது. 1958இல் கொழும்பு நாலந்தாக் கல்லூரி ஆசிரியர் ஏ. ரி. ஆரியரத்ன தம் மாணவரைக் கனத்தொலுவ என்னும் ஒதுக்கப்பட்ட கிராமத்துக்கு அழைத்துச் சென்று மண்வெட்டி பிடிக்கச் செய்ததில் இருந்துதான் சர்வோதய இயக்கம் பிறந்தது. மாணவர் கிராமத்துக்குக் கற்பிக்கப் போகவில்லை, கற்கவே போனார்கள் என்பதை அவர் பிற்காலத்திலும் வலியுறுத்தி வந்தார்.

இத்தகையவர்களைப் பல்கலைக்கழகத்தோடு பிணைப்பதற்கு ஏற்படுத்தப்பட்டவையே நான் சொல்லும் பெலோஷிப் திட்டங்கள். ஆங்கிலத்தில் அச்சொல்லின் அடியில் தோழமை என்னும் பொருள் இருக்கிறது. நாமோ அதனைப் பெரும்பாலும் புலமைப்பரிசில் என்று சொல்லிவிடுகிறோம். தோழமை பரிசாக மாறிவிட்டது! மொழிபெயர்ப்பாளரைக் குறை சொல்லவில்லை, நடைமுறையிலும் அதுவே நிகழ்ந்துவிடுகிறது.

இத்திட்டங்கள் இரு திசைகளில் செல்கின்றன. ஒரு திசையில் களத்தில் உழைப்பவர் பல்கலைக்கழகத்துக்கு வருகிறார். ஸ்டான்போர்ட் பல்கலைக்கழகம் நடத்திய ஒரு திட்டத்தில் சமூக முயற்சியாளர் சிலர் ஒரு கல்விப் பருவம் அங்கே தங்கி, வகுப்புகளில் மாணவரோடு உரையாடி, ஆய்வாளரோடு அமர்ந்து தம் அனுபவத்தை ஆராய்ந்தனர். பட்டமில்லாத ஒருவர்கூட அங்கே ஆசிரியர் ஆகலாம். ஒக்ஸ்போர்டிலும் 2003இல் இத்துறைக்கென ஒரு நிலையம் எழுந்தது. மற்றத் திசையில் மாணவர் களத்துக்குப் போகிறார். இதற்குச் சிறந்த உதாரணமாக எனக்குத் தோன்றுவது கலிபோர்னியாவிலுள்ள சாந்தா கிளாரா பல்கலைக்கழகம். இயேசு சபையினர் 1851இல் தொடங்கிய அந்தக் கல்விக்கூடம் இன்று கணினிச் செல்வத்தின் தலைநகரமாகிய சிலிக்கன் பள்ளத்தாக்கின் நடுவே இருக்கிறது. 2003 முதல் உலகின் பல பாகங்களிலிருந்தும் சமூக முயற்சியாளர்களை வரவழைத்து, அப்பிரதேசத்தின் அனுபவமிக்க தொழிலதிபர்களைக் கொண்டு அவர்களுக்கு வழிகாட்டி வந்தது. 2012 முதல் பட்டப்படிப்பு மாணவரையும் இதில் சேர்த்துக்கொண்டது. தெரிவுசெய்யப்பட்ட மாணவர் முதலில் ஒரு பருவம் ஆயத்தம் செய்வர். கோடையில் சில வாரங்கள் ஆபிரிக்காவிலோ ஆசியாவிலோ இலத்தீன் அமெரிக்காவிலோ ஓர் அமைப்போடு தங்கி உழைப்பர். திரும்பி வந்து இன்னொரு பருவம் தாம் கண்டதை எழுதி அந்த அமைப்பிடம் ஒப்படைப்பர். எதைப் பற்றி ஆராய்வது என்பதை அந்த அமைப்பின் தேவையே தீர்மானிக்கும்.

இந்தக் கடைசி விதியை வாசித்தபோதுதான் எனக்குக் கொட்டிலில் இருந்த தாய் நினைவுக்கு வந்தார்.

சாந்தா கிளாராவில் இத்தகைய ஒரு சிந்தனை வேரூன்றியதற்கு ஒரு வரலாறு உண்டு. 1982ஆம் ஆண்டு யூன் மாதத்தில் அங்கே பட்டமளிப்பு விழாவில் உரையாற்ற வந்தவர் எல் சல்வடோர் நாட்டின் மத்திய அமெரிக்கப் பல்கலைக்கழகத்துக்குத் தலைவராய் இருந்த இயேசு சபைக் குரு இக்னாசியோ எல்லாக்குரியா. அவர் நாடு அப்போது உள்நாட்டுப் போரில் எரிந்துகொண்டிருந்தது. ஏழைகளைப் பல்கலைக்கழகத்துக்குள் சேர்த்துக்கொள்வதோடு கடமை முடிந்துவிடாது, அறிவுத்துறையில் ஏழைகளின் பக்கத்தில் பல்கலைக்கழகமே போய் நிற்கவேண்டும் என்பது அவர் சொன்னதன் சாரம். உண்மை தம் பக்கத்தில் இருந்தும் அதனை நிலைநாட்டும் கல்வித் தகைமை அற்றவர்களுக்கு அந்தத் தகைமையைக் கடனாகக் கொடுப்பதே பல்கலைக்கழகத்தின் வேலை என்று அவர் கருதினார். ஏழு ஆண்டுகளின் பின், 1989 நவம்பர் 16ஆம் திகதி, இராணுவத்தினர் பல்கலைக்கழக வளவுக்குள் புகுந்து அவரையும் வேறு ஐந்து குருக்களையும், அங்கே பணிபுரிந்த ஒரு தாயையும் அவர் மகளையும் சுட்டுக் கொன்றனர். சாந்தா கிளாராவின் ஆலயத்துக்கு முன்னால் இன்றும் எட்டுச் சிலுவைகள் நிற்கின்றன. அந்த மாணவர் விமானம் ஏறுவதற்குமுன் அவற்றைக் கடந்துதான் நடக்கிறார்கள்.

இனிப் பிரச்சினைக்கு வருவோம். ஆய்வாளன் ஏழையிடம் கேட்டறிந்ததை ஏழைக்குத் திருப்பிக் கொடுக்கவேண்டும் என்பது தருமமா, நீதியா? கொடுத்தால் நல்லது, கொடுக்காவிட்டால் குற்றமில்லை என்று சொல்லத்தக்கதா? அல்லது கொடுக்கத் தவறினால் பிறர் பொருளை வைத்திருப்பதற்கு ஒப்பாகுமா?

புனித தோமஸ் அக்குவைனாஸ் நீதியைப் பற்றி எழுதும் இடத்தில், எடுத்ததை மீள ஒப்படைத்தல் என்னும் கடமையைத் தனியே ஆராய்கிறார். களவாக எடுத்தது மட்டுமன்றி, உரியவரின் சம்மதத்தோடு இரவலாகவோ அடைக்கலமாகவோ பெற்றதும் அதில் அடங்கும். குருமடத்தில் இதைப் படித்தபோது வீடு, காணி, காசு ஆகியவற்றையே எண்ணிக்கொண்டோம். ஒருவரின் வாழ்க்கைக் கதை அந்தப் பட்டியலில் வருமென்று எவரும் எங்களுக்குச் சொல்லவில்லை.

நீங்கள் ஒரு தடை எழுப்பலாம். அறிவு என்பது அள்ள அள்ளக் குறையாத பொருள். அந்தத் தாய் எனக்குச் சொன்னதால் அவரிடமிருந்து எதுவும் குறைந்துவிடவில்லையே, குறையாததை எப்படித் திருப்பிக் கொடுப்பது? நல்ல தடைதான். ஆனால் நடந்ததைச் சற்று எண்ணிப் பாருங்கள். ஒரு பிற்பகல் வேளை அவரிடமிருந்து போயிற்று. ஆறாத புண்ணை ஏழாம் முறை கீறினோம். அதைவிட முக்கியமானது, படிவத்தோடு போனவன் ஏதோ உதவியோடு திரும்பி வருவான் என்ற எதிர்பார்ப்பை அவருக்குள் உண்டாக்கினோம். நாம் வாய்திறந்து எதையும் வாக்களிக்கவில்லை என்பது உண்மை. ஆயினும் கழுத்துப்பட்டி அணிந்த ஒருவர் கேள்வி கேட்பதே ஒரு வாக்குறுதிதான். மறுபக்கத்தில், அந்தப் படிவங்களைக் கொண்டு ஒருவர் பட்டமும் பதவி உயர்வும் பெற்றிருக்கக்கூடும். கொடுக்கல் வாங்கல் நடந்திருக்கிறது. ஒரு பக்கத்துக் கணக்கு மட்டும் இன்னும் முடிக்கப்படவில்லை.

கொலம்பியா நாட்டுச் சமூகவியலாளர் ஒர்லாந்தோ பால்ஸ் போர்டா இதனை நன்கு உணர்ந்தவர். 1959இல் பொகொட்டா தேசியப் பல்கலைக்கழகத்தில் சமூகவியல் பீடத்தை அமைப்பதில் முன்னின்ற அவர், பின்னர் அதை விட்டு வெளியேறிக் கரிபியன் கரையோர விவசாயிகளோடு 1970களில் உழைத்தார். காணிக்காக அவர்களின் முன்னோர் நடத்திய போராட்டங்களை அவர்களிடமே கேட்டறிந்து, வாசிப்பறிவு குறைந்தவர்களும் விளங்கிக்கொள்ளும்படி சித்திரக் கதைப் புத்தகங்களாக வெளியிட்டார். அறிவை ஒழுங்குமுறையாகத் திருப்பிக் கொடுப்பது ஆய்வின் ஒரு பகுதியே என்பது அவர் கொள்கை. கலாநிதிப் பட்டம் பெற்ற ஒருவர் சித்திரக் கதை வெளியிடுவது எங்கள் கற்றோரிற் சிலருக்குச் சிரிப்பாய் இருக்கும்.

இன்னொரு தடையை எழுப்பியவர் எளியவர் அல்லர். 1852இல் டப்ளின் நகரில் பல்கலைக்கழகத்தைப் பற்றி உரையாற்றிய கருதினால் நியூமன், அறிவு தன்னளவிலேயே ஒரு நோக்கம், அதற்கு வெளியே ஒரு பயன் தேடவேண்டியதில்லை என்று வாதித்தார். பல்கலைக்கழகம் நாளாந்தத் தேவைகளின் வேலைக்காரனாகிவிட்டால் நாளடைவில் உண்மையைத் தேடும் பழக்கத்தையே இழந்துவிடும் என்னும் அச்சம் நியாயமானது. விலங்கியற் பேராசிரியர் ஒருவர் எவருக்கும் பயன்படாத ஒரு பூச்சியை முப்பது ஆண்டுகள் ஆராய்ந்தால் நான் அவரை வணங்குவேன். பூச்சியிடம் அவர் எதையும் இரவல் கேட்கவில்லை. மனிதரிடம் கேட்டுப் பெறும் அறிவுக்கு வேறு சட்டம். அங்கே கேட்கப்படுபவரும் ஒரு நோக்கம் என்பதை நியூமன் மறுத்திருக்கமாட்டார் என்றே எண்ணுகிறேன்.

ஆனால் நியூமனின் அச்சத்தை அப்படி எளிதில் தள்ளிவிடவும் முடியாது. ஏனெனில் களத்தில் உழைப்பவர் எல்லாரும் சரியானதைச் செய்கிறார்கள் என்பதற்கு உத்தரவாதமில்லை. தென்னாபிரிக்காவிலிருந்து புறப்பட்ட ஒரு முயற்சியைக் கேளுங்கள். பாடசாலைச் சிறுவர் ஏறிச் சுற்றி விளையாடும் இராட்டினத்தோடு ஒரு நீர்ப்பம்பியை இணைத்தார்கள். பிள்ளைகள் விளையாட, கிணற்றுநீர் தொட்டிக்கு ஏறும். பிளேபம்ப் என்று பெயர். படத்தைப் பார்த்த எவரும் மயங்குவர். 2006இல் அமெரிக்க ஜனாதிபதியின் பாரியார் லோரா புஷ் இதற்கென ஒரு கோடியே 64 இலட்சம் டொலர் திட்டத்தை அறிவித்தார். 2010க்குள் 4,000 பம்பிகள் என்பது இலக்கு. ஒரு பம்பியால் 2,500 பேருக்கு நீர் கிடைக்கும் என்று சொல்லப்பட்டது. 2009இல் லண்டன் கார்டியன் பத்திரிகையில் ஒருவர் எளிய கணக்கொன்றைப் போட்டுப் பார்த்தார். அந்த இலக்கை அடையப் பிள்ளைகள் நாளொன்றுக்கு 27 மணித்தியாலம் விளையாடவேண்டும்! பிள்ளைகள் பாடசாலையில் இருக்கும் வேளையிலும், களைத்துப் போன வேளையிலும், தாய்மாரே அந்தச் சக்கரத்தைக் குனிந்து கையால் சுற்றினார்கள். அவர்களின் பழைய கைப்பம்பிகள் சில இடங்களில் அகற்றப்பட்டிருந்தன. 2010இல் அந்த அமைப்பு எஞ்சியவற்றை வேறோர் அமைப்பிடம் ஒப்படைத்துவிட்டு ஒதுங்கிற்று. ஒரு பெருக்கற் கணக்குத் தெரிந்த மாணவன் ஒருவனைத் தொடக்கத்தில் ஒரு மாதம் அங்கே தங்கவிட்டிருந்தால் போதும்.

எங்களுக்கு நெருக்கமான கதையும் உண்டு. அது ஒரு பல்கலைக்கழக வாசலிலேயே தொடங்கியது. பங்களாதேஷில் 1974இல் பெரும் பஞ்சம் நிலவியபோது சிட்டகொங் பல்கலைக்கழகத்தில் பொருளியல் கற்பித்த முகம்மது யூனூஸ், தாம் கற்பிக்கும் அழகான கோட்பாடுகளுக்கும் மதிலுக்கு அப்பால் மடியும் மனிதருக்கும் தொடர்பில்லையே என்று மனம் நொந்து, அயலிலிருந்த ஜோப்ரா கிராமத்துக்குள் நடந்தார். மாணவர் துணையோடு விசாரித்ததில், வட்டிக்காரரிடம் சிக்கியிருந்த 42 பேருக்கும் மொத்தமாகத் தேவைப்பட்டது 27 டொலர் மட்டுமே என்று கண்டு, தம் சட்டைப்பையிலிருந்தே கொடுத்தார். அது 1976. 1983இல் கிராமீன் வங்கி, 2006இல் சமாதானத்துக்கான நோபல் பரிசு. கேள்வி மக்களிடமிருந்து வந்தது. பதிலும் மக்களிடமே போனது. இதைவிட அழகான உதாரணம் வேறில்லை என்றே நானும் வகுப்புகளில் சொல்லி வந்திருக்கிறேன்.

பிறகு நுண்கடன் உலகெங்கும் பரவிற்று. அது வறுமையை ஒழிக்கிறதா என்று அமைதியாக அளந்து பார்க்கப் பல ஆண்டுகள் சென்றன. பொஸ்னியா, எதியோப்பியா, இந்தியா, மெக்சிக்கோ, மொங்கோலியா, மொரோக்கோ ஆகிய ஆறு நாடுகளில் நடந்த ஆய்வுகள் 2015இல் ஒன்றாக வெளியாயின. சிலருக்குச் சிறிது நன்மை உண்டு, குடும்பங்களின் வாழ்வைப் புரட்டிப்போடும் மாற்றம் காணப்படவில்லை என்பதே அவற்றின் முடிவு. அதே காலத்தில் எங்கள் வடக்கிலும் கிழக்கிலும் என்ன நடந்தது என்பதை நான் உங்களுக்குச் சொல்லவேண்டியதில்லை. போரில் கணவரை இழந்த பெண்களின் படலையடியில் கிழமைதோறும் மோட்டார் சைக்கிள் வந்து நின்றது. ஒரு கடனைக் கட்ட இன்னொரு கடன் எடுத்தார்கள். இங்கே கடன் கொடுத்த கம்பனிகள் பல, யூனூஸ் நினைத்ததற்கு நேர்மாறாக, இலாபத்துக்கென்றே வந்தவை என்பதைச் சொல்லாவிட்டால் அநியாயமாகும். 2018இல், வரட்சியால் பாதிக்கப்பட்ட மாவட்டங்களின் பெண்கள் பெற்ற ஒரு இலட்சம் ரூபா வரையான நுண்கடன்களைத் தள்ளுபடி செய்ய அரசாங்கமே முன்வரும் அளவுக்கு நிலைமை முற்றிவிட்டது. நோபல் பரிசு பெற்ற ஒரு சொல்லின் நிழலில் அந்த மோட்டார் சைக்கிள்கள் ஓடின. கேட்கவேண்டிய நேரத்தில் கேட்காமல் விட்டவர்களில், மேடைகளில் அதைப் புகழ்ந்த குருக்களாகிய நாங்களும் அடங்குவோம்.

ஆகவே, களத்தில் உழைப்பவரின் கேள்விக்குப் பதில் தேடுவதோடு மாணவரின் கடமை தீர்ந்துவிடாது. சமூக முயற்சியாளர் ஏழைகளுக்காக உழைப்பவர்தான், ஆனால் அவரே ஏழை அல்லர். அவருக்கு நன்கொடையாளர் இருக்கிறார்கள், அறிக்கைகள் இருக்கின்றன, நல்ல பெயர் ஒன்றும் இருக்கிறது. அவருடைய கேள்வி பெரும்பாலும், என் விளக்குகள் எத்தனை வீடுகளில் இருக்கின்றன என்பதாக இருக்கும். விளக்கை வாங்கிய பெண்ணின் கேள்வி, பழுதானால் யாரிடம் கொண்டுபோவது என்பதாக இருக்கும். இரண்டும் ஒன்றல்ல.

ஒரு மாணவியை எண்ணிக்கொள்ளுங்கள். அந்த அமைப்பின் வீட்டில் தங்கி, அவர்கள் சோற்றை உண்டு, அவர்களின் தியாகத்தைக் கண்ணால் கண்டு வியந்தவள். வீடு வீடாகப் போனபோது விளக்குகளில் பாதி மின்கலம் செத்து மூலையில் கிடப்பதைக் காண்கிறாள். அவள் எழுதும் அறிக்கையை வைத்துத்தான் அமைப்பு அடுத்த ஆண்டு உதவி கேட்கப்போகிறது. உண்மையை எழுதினால் நல்லவர்கள் நடத்தும் ஒரு பணி நின்றுபோகலாம். எழுதாவிட்டால் அந்தப் பெண்கள் இருட்டில் இருப்பார்கள், விளக்கின் தவணையையும் கட்டிக்கொண்டு. நன்றிக்கடன் ஒரு பக்கம், உண்மைக்கடன் மறுபக்கம். உங்கள் மகளாக இருந்தால் என்ன சொல்வீர்கள்?

என் தீர்ப்பு இது: அவள் முதலில் அந்த முயற்சியாளரிடம் நேரே சொல்லவேண்டும், பத்திரிகைக்கோ பேராசிரியருக்கோ முன்னதாக. தோழமையின் உரிமை அது. திருத்துவதற்கு அவருக்கு அவகாசமும் கொடுக்கவேண்டும். ஆனால் அறிக்கையில் அதை மறைக்கும் உரிமை அவளுக்கு இல்லை. ஏனெனில் அந்த உண்மை அவளுடையதுமல்ல, முயற்சியாளருடையதுமல்ல, செத்த விளக்கை எடுத்துக் காட்டிய பெண்களுடையது. அவள் அதை அடைக்கலமாகப் பெற்றிருக்கிறாள். இத்தகைய ஒரு அறிக்கையைத் தாங்கிக்கொள்ளும் மனமுள்ள அமைப்புகளோடு மட்டுமே பல்கலைக்கழகங்கள் உறவு வைத்துக்கொள்வது நல்லது. புகழுரை தேடுவோருக்கு விளம்பரக் கம்பனிகள் இருக்கின்றன.

செல்வந்த நாட்டுப் பிள்ளைகள் விமானத்தில் பறந்து வந்து நாலு கிழமை வறுமையைப் பார்த்துவிட்டுப் போவதற்கு ஆகும் செலவை அந்தக் கிராமத்துக்கே கொடுத்துவிடலாமே என்று கேட்போரும் உண்டு. சில திட்டங்களைப் பொறுத்தவரை நானும் அவ்வாறே கேட்பேன். சாந்தா கிளாராவிலேயே 2000ஆம் ஆண்டில் இயேசு சபையின் அதிபர் கொல்வென்பாக் உரையாற்றியபோது, பல்கலைக்கழகத்தை அதன் பட்டதாரிகள் எத்தகைய மனிதராகிறார்கள் என்பதைக் கொண்டே அளக்கவேண்டும் என்றார். ஆழமான கருத்துத்தான். ஆயினும் அதை அரைகுறையாக விளங்கிக்கொண்டால் ஓர் ஆபத்து இருக்கிறது. பணக்காரப் பிள்ளையின் உள்ளம் பண்படுவதற்கு ஏழையின் குடிசை ஒரு வகுப்பறை ஆகிவிடும். அந்தக் குடிசைக்கு அதனால் என்ன கிடைத்தது என்ற கேள்வியையும் அதே அளவுகோலில் பொறித்துக்கொள்ளவேண்டும்.

கடந்த தவக்காலத்துக்குச் சற்று முன்பு பல்கலைக்கழக மாணவி ஒருத்தி என்னிடம் வந்தாள். இறுதியாண்டு ஆய்வுக்கு எங்கள் பங்கிலுள்ள கடற்றொழிலாளர் குடும்பங்களின் பெயர்ப்பட்டியல் தேவை என்றாள். கையில் வினாக்கொத்து இருந்தது. மீனவர் சமூகத்தில் கல்வி மட்டம் பற்றிய ஆய்வு. பட்டியலைத் தர நான் சம்மதித்து, ஒரு நிபந்தனை மட்டும் போட்டேன்: முதலில் கடற்றொழிலாளர் கூட்டுறவுச் சங்கச் செயலாளரைக் கண்டு, அவர்களுக்கு என்ன அறியவேண்டியிருக்கிறது என்று கேட்டுக்கொண்டு வா.

மாலையில் திரும்பி வந்தாள். முகம் அவ்வளவு நன்றாக இல்லை. “பாதர், இழுவைப்படகுகளாலை வருஷத்துக்கு எத்தினை வலை போகுது, அதின்ரை பெறுமதி என்ன எண்டு, அதிகாரியள் ஏற்றுக்கொள்ளக்கூடிய மாதிரி ஒரு கணக்கு வேணுமாம். தாங்கள் சொன்னால் ஆரும் நம்பினமில்லையாம். நான் எழுதினால் நம்புவினமாம்.”

“நல்லது. எழுதன்.”

“தலைப்பை ஏற்கனவே திணைக்களம் அங்கீகரிச்சிட்டுது, பாதர். இனி மாத்தேலாது.”

சிறிது நேரம் பேசாமல் இருந்தாள். பிறகு, தலைப்பை மாற்றாமலே வினாக்கொத்தின் பின்பக்கத்தில் வலைக்கணக்குக்கும் நாலு கேள்வி சேர்த்தால் மேற்பார்வையாளர் ஒன்றும் சொல்லமாட்டார்தானே என்று கேட்டாள். எனக்குத் தெரியாது என்றேன். பட்டியலைக் கொடுத்து அனுப்பினேன். சங்கச் செயலாளர் இரண்டு ஞாயிறுகளாகப் பூசை முடிந்ததும் வந்து, அந்தப் பிள்ளை வந்ததா என்று என்னிடம் விசாரித்துக்கொண்டிருக்கிறார்.